காட்டுக் கொறிணிகளும் உண்ணிகள் பரப்பும் பாக்டீரியா நோய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலி, சுண்டெலி, அணில், வோல் எனப்படும் குட்டைவால் எலி ஆகியவை அடங்கிய கொறிணிகள், உண்ணிகள் மூலம் மனிதரை வந்தடையும் பல பாக்டீரியா நோய்களுக்கு ஊற்றுக்கண்ணாக இருக்கின்றன. இந்தத் தொடர்பைப் பற்றிப் பேசும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. எலியைக் கண்டாலே நோய் வரும் என்று அஞ்சுவது ஒன்று. எலியை ஒழித்துவிட்டால் நோயும் ஒழியும் என்று நம்புவது மற்றொன்று. இரண்டும் ஏன் பொருந்தாதவை என்பதைப் பின்வரும் விடைகள் விளக்குகின்றன.

உண்ணி கடிப்பதால் வரும் நோய்க்கும் காட்டு எலிக்கும் என்ன தொடர்பு?

மனிதரைக் கடிக்கும் வன்தோல் உண்ணிகளில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதிலும் மூன்று முறை மட்டுமே இரத்தம் குடிக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் ஆறு கால் லார்வா ஒருமுறை குடித்துவிட்டுத் தோலுரித்து எட்டுக் கால் நிம்ஃப் ஆகிறது. நிம்ஃப் ஒருமுறை குடித்து முதிர் உண்ணியாகிறது. முதிர்ந்த பெண் உண்ணி கடைசியாக ஒருமுறை குடித்து, முட்டையிட்டு மடிகிறது. லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா பர்க்டார்ஃபெரி என்னும் பாக்டீரியா தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்குச் செல்வது ஏறத்தாழ இல்லை. ஆகவே லார்வா பிறக்கும்போது கிருமியற்றதாகவே பிறக்கிறது. பிறகு அது மனிதருக்கு நோயைத் தரக்கூடியதாக மாற வேண்டுமானால், முதல் முறை குடிக்கும் இரத்தத்திலேயே கிருமியைப் பெற்றாக வேண்டும்.

லார்வா மிகச் சிறியது. தரையோடு ஒட்டிய சருகுகளுக்கிடையே காத்திருந்து, தன்னை உரசிச் செல்லும் விலங்கின்மேல் அது ஏறிக்கொள்கிறது. அந்த உயரத்தில் ஓயாமல் ஓடித் திரிபவை சிறு கொறிணிகள். லார்வாவின் அந்த ஒற்றை உணவுவேளை எந்த விலங்கின்மேல் அமைகிறது என்பதுதான் அடுத்த ஆண்டு அந்தக் காட்டில் எத்தனை நிம்ஃப்கள் கிருமியோடு நடமாடும் என்பதை முடிவு செய்கிறது.

‘தேக்க ஓம்புயிர்’ என்று எந்த விலங்கைச் சொல்கிறார்கள்? உண்ணி கடிக்கும் எல்லா விலங்குகளும் அப்படித்தானா?

இல்லை. ஒரு விலங்கு தேக்க ஓம்புயிராகக் கருதப்பட மூன்று தன்மைகள் வேண்டும். உண்ணி கடிக்கும்போது அதற்குத் தொற்று ஏற்பட வேண்டும். அந்தக் கிருமி அதன் உடலில் பெருகிப் போதிய காலம் நிலைக்க வேண்டும். பின்னர் அதைக் கடிக்கும் கிருமியற்ற உண்ணிக்கு அது கிருமியை வழங்க வேண்டும். மூன்றாவது தன்மை இல்லாவிட்டால் முதல் இரண்டும் இருந்து பயனில்லை.

இதற்கு மான் நல்ல எடுத்துக்காட்டு. வட அமெரிக்காவின் வெண்வால் மான் ஏராளமான முதிர் உண்ணிகளுக்கு இரத்தம் கொடுக்கிறது. உண்ணிகளின் இனப்பெருக்கமே பெரிதும் அதைச் சார்ந்திருக்கிறது. ஆனால் லைம் பாக்டீரியா மானின் இரத்தத்தில் தங்குவதில்லை. எனவே மான் உண்ணிகளைப் பெருக்குகிறது, கிருமியைப் பெருக்குவதில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் வேலிப் பல்லி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: அதன் இரத்தத்திலுள்ள புரதங்கள் பாக்டீரியாவைக் கொன்றுவிடுவதால், அதைக் கடித்த நிம்ஃப்பினுள் இருந்த கிருமிகூட அழிந்துபோகிறது. ஒரே காட்டில் வாழ்ந்து, ஒரே உண்ணிக்கு இரத்தம் கொடுக்கும் விலங்குகளிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதை நினைவில் கொண்டால் மற்ற விடைகள் எளிதில் விளங்கும்.

எந்தக் கொறிணிகள் இதில் முதன்மையானவை?

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெண்பாதச் சுண்டெலியே முதலிடம் பெறுகிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் செய்த ஆய்வுகளில், அதன்மேல் இரத்தம் குடித்த லார்வாக்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிருமியைப் பெற்றன. சிப்மங்க் எனப்படும் கோடிட்ட தரை அணிலின்மேல் குடித்தவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை கிருமி பெற்றன. மரங்களில் வாழும் சாம்பல் அணில், சிவப்பு அணில் ஆகியவற்றில் இந்த அளவு மிகவும் குறைகிறது. ஐரோப்பாவில் கரைவோல், மஞ்சள்கழுத்துச் சுண்டெலி, மரச் சுண்டெலி ஆகியவை இதே இடத்தை வகிக்கின்றன.

மூஞ்சூறுகளையும் இந்தப் பட்டியலில் பலர் சேர்க்கின்றனர். அவை கொறிணிகள் அல்ல, பூச்சியுண்ணும் வேறொரு வரிசையைச் சேர்ந்தவை. ஆயினும் கிருமியைக் கடத்துவதில் அவற்றின் பங்கு பெரியது. கொறிணிகளை மட்டும் எண்ணி ஒரு காட்டின் ஆபத்தைக் கணக்கிடுவோர் மூஞ்சூறுகளை விட்டுவிட்டால் கணக்கு தவறிவிடும்.

ஐரோப்பாவில் நிலைமை மேலும் சிக்கலானது. அங்கே லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா இனங்கள் பல. பொரேலியா அஃப்செலி கொறிணிகளைச் சார்ந்தது. பொரேலியா கரினி பறவைகளைச் சார்ந்தது. விலங்குகளின் இரத்தத்தில் ‘காம்ப்ளிமென்ட்’ எனப்படும் தற்காப்புப் புரதத் தொகுதி ஒன்று உண்டு. அதனிடமிருந்து தப்பும் திறன் ஒவ்வொரு பாக்டீரிய இனத்துக்கும் வேறுபடுவதே இந்தப் பிரிவினைக்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. பறவையின் இரத்தத்தில் தப்பிக்கும் இனம் எலியின் இரத்தத்தில் அழிகிறது. எலியில் தழைப்பது பறவையில் நிலைப்பதில்லை.

கிருமி உடலில் இருந்தும் எலிக்கு ஏன் நோய் வருவதில்லை?

வெண்பாதச் சுண்டெலிக்குத் தொற்று ஏற்பட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. ஆனாலும் அது வழக்கம்போல் ஓடுகிறது, உண்கிறது, குட்டி போடுகிறது. மனிதரின் மூட்டுகளிலும் நரம்புகளிலும் லைம் நோய் விளைவிக்கும் தொல்லைகளில் பெரும்பங்கு, கிருமியை எதிர்த்து உடல் காட்டும் அழற்சியால் வருவது. சுண்டெலியின் உடலோ அந்த அழற்சியை அடக்கி வைத்துக்கொண்டு கிருமியோடு வாழப் பழகியிருக்கிறது.

பாக்டீரியாவும் தன் பங்குக்கு மறைந்து வாழக் கற்றிருக்கிறது. தன் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தின் வடிவத்தை அது இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருப்பதால், எலியின் எதிர்ப்பொருள்கள் அதை அடையாளம் கண்டு முடிப்பதற்குள் அது வேறு உருவம் கொண்டுவிடுகிறது. மேலும் அது இரத்தத்தில் நெடுநாள் சுற்றுவதில்லை. தோலில், குறிப்பாகக் காதுத் தோலில், தங்கிவிடுகிறது. லார்வாக்கள் எலியின் காதுகளைச் சுற்றியே பெரும்பாலும் ஒட்டிக்கொள்கின்றன என்பதைக் கருதினால், கிருமிக்கு அதைவிடத் தகுந்த இருப்பிடம் வேறில்லை என்பது புரியும்.

உண்ணியின் கடியை ஏற்றுக்கொள்வதிலும் எலி இனங்களுக்குள் வேறுபாடு உண்டு. கரைவோல் பலமுறை கடிபட்ட பிறகு உண்ணிக்கு எதிரான தடுப்பாற்றலைப் பெறுகிறது; பிறகு அதன்மேல் ஏறும் லார்வாக்கள் வயிறு நிறையக் குடிக்க முடிவதில்லை. சுண்டெலி இனங்களிடம் அந்தத் தடுப்பாற்றல் வளர்வதில்லை. இத்தனை நுட்பமான வேறுபாடுகள் இருப்பதால்தான் ‘எலி’ என்று பொதுவாகச் சொல்லாமல் இனத்தைக் குறிப்பிட்டுப் பேச வேண்டும் என்று ஆய்வாளர்கள் வற்புறுத்துகின்றனர்.

ஒரு விலங்கு கிருமியை வழங்குகிறது என்பதை எவ்வாறு கண்டறிகிறார்கள்?

எலியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டால், அதற்கு என்றோ தொற்று ஏற்பட்டது என்பது மட்டுமே தெரியும். தோலில் பாக்டீரியாவின் மரபுப்பொருள் இருப்பதைக் கண்டால் கிருமி அங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் அது உண்ணிக்குள் செல்கிறதா என்பது தெரியாது. அதை உறுதிப்படுத்த உண்ணியையே கருவியாகப் பயன்படுத்த வேண்டும். காட்டில் பிடித்த விலங்கைக் கம்பித் தளம் கொண்ட கூண்டில் சில நாட்கள் வைத்திருந்து, அதன்மேல் குடித்து முடித்துக் கீழே விழும் லார்வாக்களைத் தண்ணீர்த் தட்டில் சேகரித்து, அவை நிம்ஃப்பாகத் தோலுரிக்கும் வரை காத்திருந்து, பிறகு அந்த நிம்ஃப்களில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மேலே கூறிய விழுக்காடுகள் இப்படிக் கிடைத்தவையே. நேரமும் பொறுமையும் மிகுதியாக வேண்டும் என்பதால் இத்தகைய ஆய்வுகள் குறைவு. எதிர்ப்பொருள் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விலங்கைத் தேக்க ஓம்புயிர் என்று அறிவிக்கும் செய்திகளை ஏற்பதில் எச்சரிக்கை வேண்டும் என்பது என் கருத்து.

லைம் நோய்க் கிருமி எப்போது, எப்படிக் கண்டறியப்பட்டது?

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள லைம் என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பல சிறுவர்களுக்கு மூட்டழற்சி ஏற்பட்டது கவனத்துக்கு வந்தது. 1981இல் மொன்டானா மாநிலத்தின் ராக்கி மலை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வில்லி பர்க்டார்ஃபர், நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளின் குடலில் சுருள்வடிவ பாக்டீரியாவைக் கண்டார்; 1982இல் அது வெளியிடப்பட்டது. ஆனால் நோய் புதியதன்று. ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் உறைந்து கிடந்த ஏட்ஸி என்னும் மனிதரின் உடலிலும் பொரேலியாவின் மரபுப்பொருள் தடயங்கள் காணப்பட்டதாக 2012இல் அறிவிக்கப்பட்டது.

எலிகளுக்குள் கிருமி ஆண்டுதோறும் எப்படித் தொடர்கிறது? காட்டு எலிகள் நெடுநாள் வாழ்வதில்லையே?

இது மிகச் சரியான கேள்வி. காட்டுச் சுண்டெலிகளில் பெரும்பாலானவை ஓராண்டு நிறைவதற்குள் இறந்துவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு ஆண்டும் கிருமியற்ற புதிய தலைமுறை எலிகள் காட்டை நிரப்புகின்றன. கிருமியை ஓராண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்வது எலி அன்று, நிம்ஃப்.

அமெரிக்காவின் வடகிழக்கில், முந்தைய ஆண்டு கிருமி பெற்ற நிம்ஃப்கள் வசந்தத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் வெளிவந்து, அவ்வாண்டு பிறந்த இளம் எலிகளைக் கடித்துத் தொற்றச் செய்கின்றன. லார்வாக்கள் அதற்குப் பின், கோடையின் பிற்பகுதியில் பெருமளவில் வெளிவருகின்றன. அதற்குள் எலிகளின் தோலில் கிருமி நிலைபெற்றிருப்பதால் லார்வாக்கள் அதைப் பெற்றுக்கொள்கின்றன. பிள்ளைப் பருவ உண்ணி பின்னால் வந்து, மூத்த பருவ உண்ணி முன்னால் வரும் இந்தத் தலைகீழான வரிசைதான் அந்தப் பகுதியில் நோய் இவ்வளவு தீவிரமாக நிலைத்திருப்பதற்கு அடிப்படை.

இதைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. ஒரே எலியின் காதில் நிம்ஃப்பும் லார்வாக்களும் அருகருகே ஒட்டியிருக்கும்போது, எலியின் உடல் முழுவதும் தொற்றுப் பரவும் முன்பே, கடித்த இடத்தின் தோல் வழியாக ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கிருமி சென்றுவிடலாம். ஐரோப்பாவில் நிம்ஃப்களும் லார்வாக்களும் பெரிதும் ஒரே காலத்தில் நடமாடுவதால், அங்கே இந்த வழி கூடுதலாகக் கவனிக்கப்படுகிறது.

லைம் நோயைத் தவிர வேறு எந்த பாக்டீரியா நோய்களில் கொறிணிகளுக்குப் பங்கு உண்டு?

பல நோய்களில் உண்டு, ஆனால் ஒவ்வொன்றிலும் பங்கின் தன்மை வேறு. அனாபிளாஸ்மா ஃபேகோசைட்டோஃபிலம் என்னும் பாக்டீரியா வெள்ளை இரத்த அணுக்களுக்குள் வாழ்வது. வட அமெரிக்காவில் லைம் கிருமியைக் கடத்தும் அதே உண்ணியும் அதே சுண்டெலியும் இதற்கும் இடம் தருகின்றன. ஆகவே ஒரே கடியில் இரு கிருமிகளும் மனிதருக்கு வர இயலும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் காணப்படும் நியோஎர்லிச்சியா மிக்குரென்சிஸ் என்னும் பாக்டீரியாவுக்கு ஜப்பானின் மிக்குரா தீவு பெயர் தந்தது. வோல்களும் சுண்டெலிகளும் இதைத் தாங்குகின்றன. தாய் எலியிடமிருந்து வயிற்றிலுள்ள குட்டிகளுக்கும் இது செல்வதாகக் காட்டப்பட்டுள்ளது. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்கு இது நீடித்த காய்ச்சலையும் இரத்த உறைகட்டிகளையும் உண்டாக்கலாம்.

ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலில் நிலைமை வேறு. 1906இல் ஹோவர்ட் ரிக்கெட்ஸ், அது உண்ணியால் பரவுகிறது என்பதை நிறுவினார். அதற்குக் காரணமான ரிக்கெட்சியா ரிக்கெட்சி, பொரேலியாவைப் போலன்றித் தாய் உண்ணியிடமிருந்து முட்டைகளுக்குச் செல்லக்கூடியது. அப்படியானால் கொறிணி எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கிருமி உண்ணிக்கே தீங்கு விளைவிப்பதால், தலைமுறைதோறும் உண்ணிக்குள்ளேயே தொடர்ந்தால் தொற்றுள்ள வழிமரபு மெலிந்துபோகும். கிருமி சில நாட்கள் இரத்தத்தில் பெருகும் ஒரு கொறிணியைப் பல உண்ணிகள் ஒரே நேரத்தில் கடிக்கும்போது புதிய உண்ணி வழிமரபுகள் தொற்றைப் பெறுகின்றன. இங்கே கொறிணியை நிலையான தேக்கம் என்பதைவிடப் பெருக்கி என்பதே பொருந்தும்.

பிரேசிலின் தென்கிழக்கில் இந்தப் பணியைச் செய்வது உலகின் மிகப் பெரிய கொறிணியான கேப்பிபாரா. தொற்று ஏற்பட்ட கேப்பிபாராவின் இரத்தத்தில் கிருமி குறுகிய காலமே இருக்கிறது. அதன்பின் தடுப்பாற்றல் வந்துவிடுவதால் அது பெரும்பாலும் மீண்டும் உண்ணிகளுக்குக் கிருமியை வழங்குவதில்லை. ஆகவே தொற்றைத் தொடரச் செய்வது, புதிதாகப் பிறக்கும் தடுப்பாற்றலற்ற குட்டிகளே.

மலைக் குடில்களில் தங்குவோருக்கு வரும் மீள்காய்ச்சலுக்கும் எலிகளுக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதிகளில் பொரேலியா ஹெர்ம்சி என்னும் பாக்டீரியாவால் வரும் மீள்காய்ச்சலை, மென்தோல் உண்ணிகள் பரப்புகின்றன. இவற்றின் வாழ்க்கை வன்தோல் உண்ணிகளிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. இவை புல்வெளியில் காத்திருப்பதில்லை. சிப்மங்க், ஊசியிலைக் காட்டு அணில் ஆகியவற்றின் கூடுகளிலேயே வாழ்கின்றன. இரவில் வெளிவந்து, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே பெரும்பாலும் குடித்துவிட்டு மறைந்துவிடுகின்றன. கடி வலிப்பதில்லை, காலையில் உடலில் உண்ணி ஒட்டியிருப்பதுமில்லை. கிருமி உண்ணியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஆயத்தமாகவே இருப்பதால் சில நிமிடங்களில் தொற்றிவிடும். உணவின்றிப் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் ஆற்றலும் இந்த உண்ணிகளுக்கு உண்டு.

மரக் குடிலின் கூரையிலோ சுவரிடுக்கிலோ கொறிணி கூடு கட்டியிருந்து, பிறகு அது இறந்தோ வெளியேறியோ போனால், கூட்டில் எஞ்சியுள்ள பசித்த உண்ணிகள் கீழே உறங்கும் மனிதரைத் தேடி வருகின்றன. 1973இல் கிராண்ட் கேன்யனின் வடவிளிம்பில், மரக் குடில்களில் தங்கிய 62 பேருக்கு இந்நோய் கண்டது. காய்ச்சல் சில நாட்கள் கடுமையாக இருந்து, தணிந்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் வருவது இதன் அடையாளம். மேற்கு ஆப்பிரிக்காவில் பொரேலியா குரோசிடூரே என்னும் இனம், எலி வளைகளில் வாழும் மென்தோல் உண்ணிகள் மூலம் இதே போன்ற காய்ச்சலைத் தருகிறது. அந்த வளைகள் வீட்டுத் தரையிலேயே திறந்திருப்பதுண்டு.

எலியைத் தொட்டாலோ அது கடித்தாலோ இந்த நோய்கள் வருமா?

லைம் நோய், அனாபிளாஸ்மா நோய், புள்ளிக் காய்ச்சல் ஆகியவை எலியைத் தொடுவதால் வருவதில்லை. இடையில் உண்ணி வேண்டும்.

டூலரீமியா இதற்கு விலக்கு. கலிஃபோர்னியாவின் டூலரே மாவட்டத்துத் தரை அணில்களில் பிளேக் போன்ற ஒரு நோய் 1911இல் விவரிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே அதன் பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது. ஃபிரான்சிசெல்லா டூலரென்சிஸ் என்று இன்று அழைக்கப்படும் அது உண்ணி, மான் ஈ ஆகியவற்றின் கடியாலும், நோயுற்ற முயலையோ வோலையோ தோலுரிப்பதாலும், அசுத்தமான நீரைக் குடிப்பதாலும், தூசியை மூச்சில் இழுப்பதாலும் தொற்றக்கூடியது. மிகச் சில பாக்டீரியாக்களே நோயை உண்டாக்கப் போதுமானவை. மற்ற நோய்களில் அமைதியான சுமப்பாளர்களாக இருக்கும் கொறிணிகள் இந்த நோயில் தாமே கூட்டமாக இறக்கின்றன. ஆகவே ஓரிடத்தில் பல முயல்களோ வோல்களோ காரணமின்றி இறந்து கிடந்தால் அவற்றைக் கையால் தொடாமல், உரிய விலங்கு நலத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் புல்வெளியில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவதும் தவிர்க்கத்தக்கது.

எலிக்காய்ச்சல், பிளேக், ஸ்க்ரப் டைஃபஸ் ஆகியவையும் இதே வகையா?

இவற்றிலும் கொறிணிகளுக்குப் பங்கு உண்டு, உண்ணிக்கு இல்லை. எலிக்காய்ச்சல், தொற்றுள்ள விலங்குகளின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் வருவது. பிளேக் தெள்ளுப்பூச்சியால் பரவுவது. ஸ்க்ரப் டைஃபஸ் நோயைப் பரப்புவது மைட் எனப்படும் நுண்சிலந்தியின் லார்வா. அந்த நோயில் கொறிணி மைட்டுகளுக்கு உணவளிக்கிறதே தவிர, கிருமி பெரும்பாலும் மைட்டின் தலைமுறைகளுக்குள்ளேயே தொடர்கிறது. தடுக்கும் முறைகள் வேறுபடுவதால் இவற்றைக் குழப்பிக்கொள்வது உண்மையான இழப்பை உண்டாக்கும். எலிக்காய்ச்சலைத் தடுக்கக் காலணி அணிந்து தேங்கிய நீரைத் தவிர்ப்பவர், உண்ணிக் கடியிலிருந்து அதனால் காக்கப்படுவதில்லை.

ஒரு பகுதியில் எந்த ஆண்டு ஆபத்து கூடும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஓக் மரங்கள் சில ஆண்டுகளில் மட்டும் மிகுதியாகக் கொட்டைகளைச் சொரிகின்றன. அந்தக் கொட்டைகளைச் சேமித்து உண்டு குளிர்காலத்தைக் கடக்கும் சுண்டெலிகள் அடுத்த கோடையில் பெருகுகின்றன. அந்தக் கோடையில் பிறக்கும் லார்வாக்களுக்கு எலிகள் எளிதில் கிடைப்பதால், அதற்கடுத்த கோடையில் கிருமியுள்ள நிம்ஃப்கள் கூடுகின்றன. அதாவது கொட்டை மிகுந்த ஆண்டுக்கும் மனிதருக்கு ஆபத்து மிகுந்த ஆண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டாண்டு இடைவெளி உண்டு. கிளைவ் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆஸ்ட்ஃபெல்ட் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சங்கிலியின் தொடக்கக் கண்ணிகளைச் சோதனை மூலம் காட்டியது. இருப்பினும் மனிதருக்கு வரும் நோயின் அளவு, மக்கள் எவ்வளவு நேரம் காட்டில் செலவிடுகிறார்கள் என்பதையும், அவ்வாண்டின் வெப்பத்தையும் ஈரத்தையும் சார்ந்திருப்பதால், எலிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு உறுதி கூற இயலாது.

நிலப்பரப்பின் வடிவமும் முக்கியம். சாலைகளாலும் வீடுகளாலும் துண்டாடப்பட்ட சிறு காட்டுத் துண்டுகளில் நரி, மரநாய் போன்ற வேட்டை விலங்குகளும், கிருமியை வழங்காத பிற பாலூட்டிகளும் நிலைப்பதில்லை; சுண்டெலி மட்டும் தழைக்கிறது. நியூயார்க்கின் டச்சஸ் மாவட்டத்தில் செய்த ஆய்வில், 2 ஹெக்டேருக்கும் குறைவான காட்டுத் துண்டுகளில் கிருமியுள்ள நிம்ஃப்களின் அடர்த்தி குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தது. நரிகளும் மரநாய்களும் மிகுதியாக நடமாடும் இடங்களில் கொறிணிகளின்மேல் இருந்த லார்வாக்கள் குறைவு என்பதை நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2017இல் காட்டியது. வேட்டை விலங்குகளுக்கு அஞ்சி எலிகள் வளையை விட்டு அதிகம் அலைவதில்லை என்பது அதற்குக் கூறப்படும் விளக்கங்களில் ஒன்று.

வெப்பநிலை உயர்வதால் உண்ணிகள் வடக்கு நோக்கிப் பரவுவதும் தெரிந்ததே. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உண்ணியோடு வெண்பாதச் சுண்டெலியும் வடக்கே நகர்ந்து வருகிறது. உண்ணி மட்டும் வந்தால் கடி உண்டு. எலியும் சேர்ந்து வந்தால்தான் நோய் வேரூன்றுகிறது.

அப்படியானால் எலிகளைக் கொன்றுவிடுவது எளிய தீர்வு ஆகாதா?

ஆகாது என்பதே என் திடமான எண்ணம். அதற்குக் காரணங்கள் உண்டு. கொறிணிகள் இழந்த எண்ணிக்கையை விரைவில் ஈடுசெய்துவிடும். புதிதாகப் பிறப்பவை யாவும் தொற்றுக்கு ஆளாகக்கூடியவை. கேப்பிபாராவைப் போல் ஒருமுறை தொற்று கண்டபின் தடுப்பாற்றல் பெறும் இனங்களில், முதிர்ந்தவற்றைக் கொன்று பிறப்பை ஊக்குவிப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும். இரண்டாவதாக, ஓம்புயிர் திடீரென மறைந்தால் பசித்த உண்ணி வேறு ஓம்புயிரைத் தேடும். மலைக் குடில்களில் நடப்பது அதுவே. ஆகவே குடிலிலிருந்து எலிகளை அகற்றும்போது கூட்டையும் அகற்றி, உண்ணிக்கான மருந்தையும் ஒருங்கே அடிக்க வேண்டும். எலியை மட்டும் அகற்றுவது ஆபத்தானது. மூன்றாவதாக, எலி நஞ்சு அந்த எலியை உண்ணும் ஆந்தையையும் நரியையும் கொல்கிறது. எலிகளை அடக்கி வைக்கும் விலங்குகளை இழந்துவிட்டு எலிகளோடு போராடுவது அறிவுடைமை ஆகாது.

வீட்டுக்குள்ளும் அடித்தளத்திலும் எலிகள் புகாமல் ஓட்டைகளை அடைப்பது வேறு செய்தி. அது எப்போதும் செய்யத்தக்கது.

எலிகளைக் கொல்லாமல், அவற்றின் மூலமாகவே உண்ணியையோ கிருமியையோ குறைக்க வழி உண்டா?

முயற்சிகள் பல நடந்துள்ளன. பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியில் தோய்த்த பஞ்சை அட்டைக் குழாய்களில் வைத்தால், சுண்டெலி அதைக் கூட்டுக்கு எடுத்துச் செல்கிறது. அதன் உடலிலுள்ள உண்ணிகள் மடிகின்றன. இரை வைத்த பெட்டிக்குள் நுழையும் எலியின் முதுகில் ஃபிப்ரோனில் என்னும் உண்ணிக்கொல்லி பூசப்படும் முறையும் உண்டு. லைம் பாக்டீரியாவின் மேற்புரதம் ஒன்றைத் தடுப்பு மருந்தாக இரையில் கலந்து எலிகளுக்குக் கொடுத்த கள ஆய்வுகளில், சில ஆண்டுகளில் கிருமியுள்ள நிம்ஃப்களின் விகிதம் குறைந்தது. இவற்றைவிடத் துணிவான திட்டம் ஒன்றும் உண்டு: தடுப்பாற்றல் மரபுவழியாகவே குட்டிகளுக்குச் செல்லுமாறு மரபணு மாற்றிய வெண்பாதச் சுண்டெலிகளை, நான்டக்கெட் போன்ற தீவுகளில், அங்குள்ள மக்களின் ஒப்புதலோடு விடலாம் என்று கெவின் எஸ்வெல்ட் முதலிய ஆய்வாளர்கள் முன்மொழிந்துள்ளனர்.

ஆனால் உண்ணி குறைவதும் நோய் குறைவதும் ஒன்றல்ல. டச்சஸ் மாவட்டத்தின் 24 குடியிருப்புப் பகுதிகளில் நான்கு ஆண்டுகள் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஃபிப்ரோனில் பெட்டிகளையும் உண்ணியைக் கொல்லும் பூஞ்சையையும் பயன்படுத்தினார்கள். பெட்டிகள் வைத்த இடங்களில் உண்ணிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன; எனினும் மனிதருக்கு வந்த நோய் குறையவில்லை. மக்கள் தம் வீட்டு முற்றத்துக்கு வெளியேயும் கடிபடுவது ஒரு காரணமாக இருக்கலாம். இத்தகைய பெட்டிகளை வாங்கி வைத்துவிட்டு உடலைச் சோதிக்கும் பழக்கத்தைக் கைவிடுவோர் இந்த முடிவைக் கட்டாயம் கருத வேண்டும்.

உண்ணி எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தால் தொற்றும்? கடித்தால் என்ன செய்வது?

லைம் நோயில் உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். பாக்டீரியா உண்ணியின் குடலில் உறங்கிக் கிடந்து, வெதுவெதுப்பான இரத்தம் உள்ளே வந்த பின்னரே தன் மேற்புரதத்தை மாற்றிக்கொண்டு உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் பயணம் செய்கிறது. மற்ற கிருமிகளுக்கு இதைவிடக் குறைந்த நேரமே போதும். ஆகவே எந்த உண்ணியையும் கண்டவுடன் எடுத்துவிட வேண்டும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். நெருப்பால் சுடுவதும், எண்ணெயோ வாஸலினோ தடவிக் காத்திருப்பதும் கூடாது. பிறகு கடித்த இடத்தைச் சோப்பால் கழுவி, கடித்த நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிம்ஃப் ஒரு கசகசா விதையின் அளவே இருக்கும் என்பதால் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு, தலைமுடி, காதின் பின்புறம் ஆகியவற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். காட்டிலிருந்து வந்த உடைகளை உலர்த்தும் இயந்திரத்தின் உயர்வெப்பத்தில் 10 நிமிடம் சுழற்றினால் அவற்றில் ஒட்டிய உண்ணிகள் மடியும்.

கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் சிவந்து விரியும் தடம், காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். உண்ணி கடித்ததையோ, காட்டிலும் மலைக் குடிலிலும் தங்கியதையோ அவர் கேட்காவிட்டாலும் தாமாகவே சொல்ல வேண்டும். சிவந்த தடம் லைம் நோயாளிகளில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காட்டினருக்கே தோன்றுகிறது. அது இல்லாததால் நோய் இல்லை என்று ஆகாது. இந்த நோய்களில் பலவற்றுக்கு டாக்சிசைக்ளின் முதன்மையான மருந்து. ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் என்ற ஐயம் இருந்தால், சோதனை முடிவுக்குக் காத்திராமல், குழந்தையாயினும் உடனே அதைத் தொடங்குவார்கள். ஐந்து நாட்களுக்கு மேல் தாமதித்தால் உயிரிழப்பின் வாய்ப்பு கூடுகிறது.

நகர எலிகளும் வீட்டில் வளர்க்கும் எலிகளும் இதில் சேருமா?

உண்ணி எங்கே வாழ்கிறதோ அங்கேதான் இந்தச் சங்கிலி இயங்கும். பழுப்பு எலிகள் லைம் பாக்டீரியாவைத் தாங்கி உண்ணிகளுக்கு வழங்க வல்லவை என்பது ஜெர்மனியின் நகரப் பூங்காக்களில் காட்டப்பட்டுள்ளது. எனவே நகரத்துக்குள் இருக்கும் மரங்கள் அடர்ந்த பூங்காவை முற்றிலும் பாதுகாப்பானது என்று கருத வேண்டாம். உண்ணியே நுழையாத அறைக்குள், வளர்ப்பகத்தில் பிறந்து வளரும் எலி இந்த நோய்களைத் தருவதில்லை.

ஆய்வுக்காகவோ தொழிலுக்காகவோ காட்டுக் கொறிணிகளைக் கையாளுவோர் எதைக் கடைப்பிடிக்க வேண்டும்?

கையுறை அணிவது முதல் தேவை. கூடுகளையும் உலர்ந்த எச்சங்களையும் அகற்றும்போது, தூசி எழாதபடி கிருமிநாசினியால் நனைத்த பின்னரே அகற்ற வேண்டும். பெர்மெத்ரின் ஏற்றிய உடையும், காற்சட்டையின் கீழ்முனையைக் காலுறைக்குள் செருகுவதும், வெளிர்நிற ஆடையும் உண்ணியை உடலுக்கு ஏறவிடாமலும் எளிதில் கண்ணில் படும்படியும் செய்யும். தோலில் டீட் கலந்த விரட்டியைத் தடவலாம். இறந்த விலங்கின் உடல் குளிரும்போது அதன்மேல் இருந்த உண்ணிகளும் தெள்ளுப்பூச்சிகளும் வெளியேறத் தொடங்கும் என்பதால், அதை உடனே மூடிய பையில் இட வேண்டும். பணி முடிந்த அன்றே குளித்து உடலைச் சோதிக்க வேண்டும். பின்வரும் வாரங்களில் காய்ச்சல் கண்டால், எந்த இனக் கொறிணியை எந்த இடத்தில் கையாண்டோம் என்ற குறிப்பையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும், ஏனெனில் எந்தக் கிருமியை முதலில் தேடுவது என்பதை அது அவருக்குச் சொல்லும்.